கொறங்காட்டுப் புல்லடி மண்ணிலிருந்து வேர் உட்பூசணம்: பையில் வளர்த்துப் பார்த்த பதிவு

வேர் உட்பூசணம் (கடையில் ‘வேம்’) என்பது செடியின் வேருக்குள் வாழ்ந்து, மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கும் பூசணம். அதை வெல்லம் கரைத்த பீப்பாயில் பெருக்க முடியாது. எங்கள் பக்கத்து உழவர் குழுக்களில் அடிக்கடி யாராவது அப்படி ஒரு செய்முறையை அனுப்பிவிடுகிறார்கள்: 200 லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோ வெல்லம், ஒரு பாக்கெட் வேம், ஒரு வாரம் கலக்கிவிட்டுப் பாசன நீரோடு விடவும். அஸோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாவுக்கு இந்த வழி ஓரளவு பொருந்தும். டிரைக்கோடெர்மா என்ற பூசணமும் வேப்பம் புண்ணாக்கு கலந்த ஈரத் தொழுவுரத்தில் தானாகவே பரவும். வேம் அந்த வகையறா இல்லை. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மரபணு அதற்குக் கிடையாது. உயிருள்ள வேருக்குள் புகுந்து செடியிடமிருந்துதான் சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கியாக வேண்டும். வேர் இல்லாத பீப்பாயில் பூசணத்தின் வித்து (ஸ்போர்) ஒருவேளை முளைக்கும், கொஞ்ச தூரம் இழை விடும், பிறகு பட்டினி கிடந்து சாகும். ஆகவே வேமைப் பெருக்குவது என்றால் அதற்கென்று ஒரு செடியை வளர்ப்பது. உழவருக்கு வேறு குறுக்கு வழி இல்லை. அந்த வேலையை எங்கள் தோட்டத்தில் செய்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

நிலம் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் இருக்கிறது. சரளை கலந்த செம்மண். கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் கல். கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுகிறோம். மேட்டுப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். முன்பு காங்கேயம் மாடுகள் மேய்ந்த இடம். இப்போது அம்மாவின் மயிலம்பாடி ஆடுகள் மேய்கின்றன. அந்தக் காட்டுக்கு யாரும் ஒரு மூட்டை உரம் போட்டதில்லை. ஏர் பூட்டுவதும் எப்போதோ ஒருமுறைதான். கீழே இருக்கும் தோட்டத்துக்கோ வருடம் தவறாமல் மணிச்சத்து உரமான டிஏபி போகிறது, ரோட்டவேட்டர் ஓடுகிறது. மணிச்சத்துக்காகச் செலவழித்த பணமெல்லாம் எங்கே போனது என்று கேட்டால், பெரும்பகுதி மண்ணில்தான் இருக்கிறது, சுண்ணாம்போடு கட்டுண்டு கிடக்கிறது என்று மண் பரிசோதனை நிலையத்தில் சொன்னார்கள்.

இங்கேதான் பூசணத்துக்கு வேலை. மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாக நகரும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால், அந்த இடம் காலியாகிவிடும். தூரத்தில் இருப்பது தானாக வந்து சேராது. பூசண இழைகள் வேரைவிடப் பல மடங்கு மெல்லியவை, பல சென்டிமீட்டர் தாண்டிப் போய் எடுத்து வருபவை. வெங்காயத்துக்கு இது இன்னும் முக்கியம். அதன் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், நூடுல்ஸ் போல வழவழவென்று இருக்கும். வேர்த்தூவி மிகக் குறைவு. அப்படிப்பட்ட வேரை வைத்துக்கொண்டு, பூசணத்தின் துணை இல்லாமல், சுக்கான் மண்ணில் மணிச்சத்து தேடுவது கடினம்.

மண் எடுத்தது

தை கடைசியில், வடகிழக்குப் பருவ மழையில் வளர்ந்த புல் காயத் தொடங்கும் நேரத்தில் மண் எடுத்தேன். செடி தளரும்போது பூசணம் வித்துகளை அதிகம் விட்டுவைக்கும் என்பதால் இந்தப் பருவம். மேலே உள்ள சருகையும் புழுக்கையையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம் வரை, கொழுக்கட்டைப் புல்லின் வேரோடு சேர்த்துக் கடப்பாரையால் பெயர்த்தேன். ஒரே இடத்தில் எடுக்காமல் வேலி ஓரம், மரத்தடி, திறந்த வெளி என்று கலந்து எடுப்பது நல்லது. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு இனங்கள் இருக்கும். வேரைக் கத்தரியால் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தேன். நறுக்கிய வேர்த் துண்டுகளிலிருந்தும் பூசணம் புதிதாகக் கிளம்பும், ஆகவே அவற்றை வீசிவிடக் கூடாது.

ஊடகம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு சதுர மீட்டர் குழி, 30 சென்டிமீட்டர் ஆழம், உள்ளே கறுப்பு பாலித்தீன் விரிப்பு. 50 கிலோ வெர்மிகுலைட் என்ற கனிமம், 5 கிலோ கிருமி நீக்கிய மண், பெருக்கத் தொடங்குவதற்கான பூசணச் சரக்காக ஒரு கிலோ தாய் வித்து. மேலே மக்காச்சோளம். 60 நாளில் 55 கிலோ கிடைக்கும், அது 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும் என்பது அவர்களுடைய கணக்கு. நல்ல, எளிய முறை. நான் குழிக்குப் பதிலாக வளர்ப்புப் பைகளை வைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான்: ஒரு பையில் வேரைத் தாக்கும் நூற்புழு வந்தால் அந்தப் பையை மட்டும் தூக்கி எறியலாம். குழியில் வந்தால் மொத்தமும் போய்விடும்.

வெர்மிகுலைட் நம் மாநிலத்திலேயே, திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் வெட்டியெடுக்கப்படுகிறது. சூடுபடுத்திப் பொரித்த வகையைத்தான் வாங்க வேண்டும். பொரிக்காத கனிமம் வெறும் தகடாக இருக்கும், ஈரம் பிடிக்காது. செலவைக் குறைக்கப் பாதி அளவு ஓடை மணல் சேர்த்தேன். மணலில் ஏற்கெனவே இருக்கும் நோய்ப் பூசணங்களைக் கொல்ல வேண்டும். கத்திரி வெயிலாக இருந்தால் ஈர மணலைக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி ஒரு மாதம் வைத்தாலே போதும். மாசியில் அந்த வெயில் இல்லை. ஆனால் சிவகிரிப் பக்கம் மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் ஊர் ஊராகச் சுற்றும் பருவம் அது. மாமாவின் களத்தில் மஞ்சள் முடிந்ததும், சாக்கில் கட்டிய மணலை அதே டிரம்மில் வைத்து நீராவி விட்டோம். மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாப்பிள்ளை, மணலை வேகவைத்து எந்தச் சந்தையில் விற்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். நீராவி மேலே வந்த பிறகு ஒரு மணி நேரம் விட்டோம். ஆறியதும் நேராகப் பைக்குள்.

விதை

இந்த இடத்தில்தான் பலருடைய முயற்சி சத்தமில்லாமல் தோற்றுப்போகிறது. கடையில் வாங்கும் மக்காச்சோள விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வருகிறது அல்லவா, அதில் பூசணக்கொல்லி இருக்கிறது. பூசணத்தை வளர்க்கப் பூசணக்கொல்லி பூசிய விதையா? சாயம் இல்லாத, வீட்டில் எடுத்துவைத்த தீவனச் சோளத்தைப் பயன்படுத்தினேன். விதையின் மேலுள்ள கிருமியைப் போக்க 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு நிமிடம் முக்கி, நன்றாக அலசி விதைத்தேன். சில பைகளில் சோளத்தோடு கொழுக்கட்டைப் புல்லையும் போட்டேன். பையின் ஓரத்தில் ஒரு வெண்டை விதை கட்டாயம். வெண்டையின் வேரில் முடிச்சு கண்டால் அந்தப் பையில் வேர் முடிச்சு நூற்புழு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மிளகாய்க்குப் போகப் போகிற சரக்கு, இந்தக் காவல் அவசியம்.

பையில் முக்கால் அளவு வேகவைத்த கலவை, அதன் மேல் இரண்டு விரல்கடை கனத்துக்குக் கொறங்காட்டு மண், அதன் மேல் மறுபடி கலவை, பிறகு விதை. வேர் கீழே இறங்கும்போது அந்த அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தீனி

தீனியில் கஞ்சத்தனம் வேண்டும், குறிப்பாக மணிச்சத்தில். பல்கலைக்கழக முறையில் சதுர மீட்டர் குழிக்கு விதைக்கும்போது 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர் பாஸ்பேட், 1 கிராம் பொட்டாஷ். பிறகு 30ஆம் நாளும் 45ஆம் நாளும் 10 கிராம் யூரியா. தழைச்சத்து வருகிறது, மணிச்சத்து ஏறக்குறைய இல்லை என்பதைக் கவனியுங்கள். மணிச்சத்துப் பசியில் இருக்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பூசண இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வருகிறது. வயிறு நிறைந்த செடி இந்தக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். பூசணத்துக்குச் சர்க்கரை கொடுத்து வேலை வாங்க அதற்கு என்ன அவசியம்? சோளக்காட்டில் சுடுமல்லிக் களை முளைப்பதற்கும் இதே கசிவுதான் காரணம். கூட்டாளியை அழைக்கும் குரலை ஒட்டுண்ணியும் கேட்டுவிடுகிறது. டிஏபி தாராளமாகப் போட்ட வயலில் வேம் பாக்கெட்டைக் கொட்டிவிட்டுப் பலன் தெரியவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு இந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

தண்ணீர் அளவாக. பை நசநசவென்று இருந்தால் காற்று இல்லாமல் பூசணம் தேங்கிவிடும். சோளம் கதிர் தள்ளும் நேரத்தில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டேன். வாடும் செடியில் பூசணமும் தன் காலம் முடிகிறது என்று வித்து விடத் தொடங்கும். தட்டையை அறுத்து ஆடுகளுக்குப் போட்டாயிற்று. மீதியை நிழலில் கொட்டி, வேரை நறுக்கிக் கலந்து, ஈரம் போகவிட்டேன். வெயிலில் உலர்த்தக் கூடாது.

முதல் சுற்றில் கிடைத்ததை நேராக வயலுக்குக் கொண்டு போகவில்லை. பைகளைச் சோதித்து, நல்லவற்றை மட்டும் தாய் வித்தாக வைத்து, இரண்டாம் சுற்றில் புதிய கலவையில் மறுபடி வளர்த்தேன். காட்டு மண்ணோடு வந்த களை விதையும் வேண்டாத பூச்சிகளும் அப்போது பெருமளவு கழிந்துவிடுகின்றன.

இருக்கிறதா, இல்லையா

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை நம்பிக்கையில் வாங்குவதும் விற்பதும் நடக்கும் தொழில் இது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் சோதனைதான். வேருக்கு மை ஏற்றிப் பார்க்கும் முறை 1998இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் டிரைப்பான் நீலம் போன்ற நச்சுச் சாயங்களை நம்பியிருந்தார்கள். இப்போது பேனா மையும் வினிகரும் போதும்.

செடியின் மெல்லிய, புதிய வேர்களை அலசி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்க வேண்டும். வேரின் சதை வெளுத்துக் கண்ணாடி போல ஆகும்வரை. இளம் வேருக்குச் சில நிமிடங்கள் போதும், பழுத்த வேருக்கு அதிக நேரம். இது தோலை அரிக்கும் காரம். கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். பிறகு பல முறை தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகரில் 5 சதவீதம் மை கலந்து, அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் வேரில் ஏறிய மை வெளியேறிவிடும், பூசணத்தில் ஏறிய மை அப்படியே நிற்கும். எல்லா மையும் பிடிப்பதில்லை. பவுண்டன் பேனா மைகளில் இரண்டு மூன்றை முயன்று பார்க்க வேண்டியிருக்கும்.

நுண்ணோக்கி பள்ளி மாணவர்களுக்கு விற்கும் சாதாரண வகையே போதும். விஞ்ஞானி மனு பிரகாஷின் குழுவினர் உருவாக்கிய தாள் நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு காட்டும். பூசண இழையையும், வேருக்குள் அது உண்டாக்கும், மை ஏறி நீலமான முட்டை வடிவப் பைகளையும் அதில் பார்த்துவிடலாம். உயிரணுவுக்குள் மரம் போலக் கிளைக்கும் அமைப்பைத் தெளிவாகக் காண 400 மடங்கு வேண்டும். செடிக்கும் பூசணத்துக்கும் பண்டமாற்று நடப்பது அந்த மரங்களில்தான். ஒவ்வொன்றும் சில நாள்களே வாழ்ந்து கரைந்துவிடும் என்பதால், பழைய வேரில் தேடினால் கிடைக்காது.

கொறங்காட்டு மண் போட்ட வளர்ப்புப் பைகளில் பெரும்பாலானவற்றின் வேரில் அந்த நீலப் பைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, கடையில் வாங்கிய ஒரு வேம் பாக்கெட்டை வைத்தும் அதே கலவையில், அதே விதையில் சில பைகள் போட்டிருந்தேன். அவற்றின் வேரில் ஒன்றும் இல்லை. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை; வெயிலில் நின்ற லாரியோ, கடை மாடியின் தகரக் கூரையோ கொன்றிருக்கலாம். பாக்கெட் வாங்குகிறவர்கள் வயலில் போடுவதற்கு முன் ஒரு தொட்டியில் சோளம் விதைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். 

வித்துகளைப் பார்க்க மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேல் நீரைச் சல்லடைகளில் வடிக்க வேண்டும். ஆய்வகச் சல்லடை விலை அதிகம். பக்கத்தில் திருப்பூர் இருக்கும்போது அதற்கு எதற்குச் செலவு? பனியன் துணியில் அச்சடிப்பவர்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டும் பாலியஸ்டர் வலையில், சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்டதன் கண் ஏறக்குறைய 150 மைக்ரான். 120 இழை கொண்டதன் கண் ஏறக்குறைய 45 மைக்ரான். முதல் வலை வேர்த்தூசியைப் பிடிக்கும், இரண்டாவது வலை பெரும்பாலான வித்துகளைப் பிடிக்கும். பெரிய வித்துகள் முதல் வலையிலேயே தங்கிவிடும், ஆகவே அதையும் பார்த்துவிட வேண்டும். தேன் நிறத்திலும் பழுப்பிலும் மஞ்சளிலும் சிறு உருண்டைகள் தெரியும், சிலவற்றுக்குக் காம்பு இருக்கும். மணல் துகளா வித்தா என்ற சந்தேகம் வந்தால் நுண்ணோக்கியில் அதை மூடியிருக்கும் கண்ணாடித் தகட்டை மெதுவாக அழுத்துங்கள். வித்து என்றால் வெடித்து எண்ணெய்த் துளி வெளியே வரும்.

நாற்றங்காலும் நடவும்

மிளகாய்க் குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க் கழிவோடு கலந்து, விதைக்குக் கீழே வரும்படி வைத்தேன். மேட்டுப்பாத்தி நாற்றங்கால் என்றால் சதுர மீட்டருக்கு 100 கிராம் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம். பக்கத்திலேயே ஒப்பீட்டுத் தட்டுகள். அவற்றில் வெறும் நார்க் கழிவை மட்டும் போட்டால் ஒப்பீடு சரியாக இருக்காது, ஏனென்றால் நம் கலவையில் வேர்த்தூசியும் கொஞ்சம் சத்தும் இருக்கின்றன. அதனால் அதே சரக்கை நீராவியில் வேகவைத்துக் கொன்று, அதே அளவு போட்டேன். உழவர்கள் செய்யும் சோதனைகளில் பெரும்பாலும் இந்த ஒரு படி விட்டுப்போகிறது.

தட்டில் இருந்த வரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இதில் வியப்பில்லை, முதல் வாரங்களில் செடிக்குப் பூசணம் செலவுதான். நடவுக்குப் பிறகு, மணிச்சத்து நடுத்தரமாக இருந்த மேல் பாத்தியில், பூசணம் ஏறிய வரிசைகள் முதலில் பச்சை பிடித்தன. கிணறு இறங்கி முறைப்பாசனம் விட்ட வாரங்களில் மதிய வாட்டத்தில் அவை தாமதமாகவே தலை தொங்கின. டிஏபி தின்று பழகிய கீழ்ப் பாத்தியில் இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருந்தன. ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் என்றால் மணிச்சத்து குறைவு, 22க்கு மேல் என்றால் அதிகம் என்று மண் பரிசோதனை அட்டையில் வகைப்படுத்துவார்கள். அந்த எண் 22ஐத் தாண்டியிருந்தால் முதலில் உரத்தைக் குறையுங்கள். பூசணத்துக்குப் பிறகு வரலாம். மகசூலைப் பற்றி ஒரு பருவத்தை வைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை.

கைபேசியில் கூப்பிட்டுக் கேட்பவர்கள் எல்லாரும் எப்படி வளர்ப்பது என்று கேட்கிறார்கள். எப்படிக் கொல்லாமல் இருப்பது என்று யாரும் கேட்பதில்லை. வேர் அழுகலுக்குக் கார்பென்டசிம் கரைசலை மண்ணில் ஊற்றினால் இந்தப் பூசணத்துக்கும் அடி விழும். ரோட்டவேட்டர் இழை வலையை நறுக்கிப்போடும். கோடை முழுவதும் ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கும் நிலத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை இந்தப் பூசணத்தோடு சேராத குடும்பம். தண்டுக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட்டும் அப்படித்தான். இவற்றுக்கு அடுத்து உடனே வெங்காயம் வைத்தால், வெங்காய வேர் வெறும் மண்ணில் இறங்குகிறது என்றுதான் அர்த்தம். நடுவில் ஒரு கம்போ சோளமோ தட்டைப்பயறோ ஓடினால் இழைகள் மீண்டுவிடும்.

வெங்காயத்தில்தான் கணக்கு இடிக்கிறது. சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 400 கிலோ வேண்டும். விதைக்காயை நேராகப் பார்களில் ஊன்றுகிறோம், நாற்றங்கால் என்ற சிறிய வாசல் அங்கே இல்லை. அத்தனை பைகளை வளர்க்க என்னிடம் இடமும் இல்லை, வெர்மிகுலைட்டுக்குக் காசும் இல்லை. அதனால் இந்த வருடம் வெங்காயத்துக்கு முன் கம்பு விதைத்து, விதைச் சாலில் மட்டும் சரக்கைத் தூவியிருக்கிறேன். கம்பை அறுத்த பிறகு ரோட்டவேட்டர் விடாமல், கட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, பார் பிடிக்க வேண்டும். கூலிக்கு வரும் டிராக்டர்காரர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. வரப்புகளில் கொழுக்கட்டைப் புல்லை வரிசையாக நட்டு, செதுக்காமல் விட்டிருக்கிறேன். ஆவணியில் வெங்காயம் ஊன்றியதும் வரப்பை ஒட்டிய பார்களிலிருந்தும் நடு வயலிலிருந்தும் தனித்தனியாக வேர் எடுத்து மை ஏற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.